மேல் ஏறாத பண்

கொல்லிமலைக்குப் போய்வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. போன வேலை என்று ஒன்றுமில்லை. கொல்லி என்ற பெயரில் தேவாரத்தில் ஒரு பண் இருக்கிறது. அந்தப் பெயரைக் கொண்ட மலையில் ஓர் இரவாவது தங்கிப் பார்க்கவேண்டும் என்று நெடுநாளாக ஓர் ஆசை, அவ்வளவுதான். மாசி மாதம். செம்மேட்டில் இருட்டிக்கொண்டு வந்தது. டீக்கடைக்குப் பக்கத்து வாசலில் பகலெல்லாம் காய்ந்த மிளகைச் சாக்கில் வாரிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காரநெடி பனிக்காற்றில் கலந்து தொண்டையில் நமநமத்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, “தம்பி எதுக்கு வந்தீங்க, அருவி பாக்கவா?” என்றார். “இல்லீங்க ஐயா. கொல்லின்னு ஒரு பண் இருக்குதுங்க. பாட்டுல ஒரு வகை. இந்த மலையோட பேருதான் அதுன்னு சொல்லுவாங்க” என்றேன். அவர் வியக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. “எங்க பாடறாங்க அத?” “கீழ, கோயில்கள்ல. ஓதுவாருங்க பாடுவாங்க.” டீயை ஆற்றிக் குடித்து முடிக்கும்வரை பேசாமல் இருந்தார். பிறகு, “அவிங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தது?” என்று கேட்டார். அவர்களுக்கு முந்திய ஓதுவார்கள் என்றேன். “அவிங்களுக்கு?” என்றார். நான் பேசாமல் இருந்துவிட்டேன். மறுநாள் காரவள்ளிக்கு இறங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பேருந்து திரும்பத் திரும்ப அந்தக் கேள்வியும் கூடவே திரும்பிக்கொண்டு வந்தது. இன்னும் இறங்கவில்லை.

மலைக்கும் பண்ணுக்கும் இடையே பெயரைத் தவிர வேறு சாட்சி இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பண்களைப் பகற்பண், இரவுப்பண், பொதுப்பண் என்று வகுத்திருக்கிறார்கள். கொல்லி இரவுப்பண். இன்று ஓதுவார்கள் அதை நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். கொல்லிக்கௌவாணம் என்று இன்னொரு பண் உண்டு. அதையும் நவரோஜில்தான் பாடுகிறார்கள். இரண்டு பெயர் இருந்த இடத்தில் இரண்டு வடிவம் இருந்திருக்க வேண்டும் அல்லவா? எந்தத் தலைமுறையில் எந்தத் தொண்டையில் அவை ஒன்றாகிப் போயின? நவரோஜ், சங்கராபரணத்தின் வழிவந்த ராகம். பெரும்பாலான ராகங்கள் மத்திய சட்ஜத்தில் கிளம்பி மேல் சட்ஜத்துக்குப் போய்த் திரும்பும். நவரோஜ் மந்திர பஞ்சமத்தில் ஆரம்பித்து மத்திய பஞ்சமத்தோடு நின்றுகொள்ளும். பஞ்சமாந்திய ராகம் என்பார்கள். மேல் சட்ஜத்தைத் தொடவே தொடாது. ஆயிரம் மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும் ஒரு மலையின் பெயரை வைத்துக்கொண்டிருக்கும் பண், மேலே ஏறமாட்டேன் என்கிறது. எனக்குச் சின்ன வயதில் ராசிபுரத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த டீச்சர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். அவர் வீட்டு முன்கட்டில் எப்போதும் வேப்பெண்ணெயும் ஈரத் துணியும் கலந்த ஒரு வாசம் இருக்கும். நவரோஜில் ஒரு தாலாட்டைச் சொல்லிக்கொடுத்தபோது நான் வழக்கம்போல் குரலை உயர்த்திக் கத்தினேன். “கத்தாதேடா. தொட்டிலுக்குள்ள கேட்டாப் போறும்” என்றார். ராக லட்சணம் பற்றி அதற்குப் பிறகு நான் படித்த எதுவும் அந்த ஒரு வாக்கியத்துக்குமேல் சொல்லிவிடவில்லை.

கொல்லியைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் யோசனை வயிற்றில் வந்து நிற்கிறது. நான்காம் திருமுறையின் முதல் பதிகத்துக்குப் பண் கொல்லி. அப்பர் வாய்திறந்து பாடிய முதல் பதிகம் அதுதான் என்பது மரபு. மருள்நீக்கியாராகப் பிறந்து, சமணத்தில் சேர்ந்து, இன்றைய திருப்பாதிரிப்புலியூரில் இருந்த பள்ளியில் தருமசேனர் என்ற பெயரோடு உயர்ந்த நிலையில் இருந்தவரைச் சூலை நோய் பற்றுகிறது. குடலை முறுக்குகிற வலி. அங்கிருந்தவர்களின் வைத்தியத்துக்கும் மந்திரத்துக்கும் அது அடங்கவில்லை. இரவில் ஒருவருக்கும் தெரியாமல் கிளம்பித் திருவதிகையில் அக்கா திலகவதியாரிடம் வந்து விழுகிறார். விடியும் முன் கோயிலைக் கூட்டி மெழுகப் போகிற அக்கா, திருநீறு கொடுத்துத் தம்பியையும் கூட அழைத்துப்போகிறார். அங்கே பாட்டு பிறக்கிறது. சேக்கிழார் சொல்லும் கதை இது. எனக்குள் குடைவது வேறொரு சின்ன விஷயம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கும் ஒருவரால் எப்படிப் பாட முடியும்? வலிக்கும் வயிறு இறுகிக்கொள்ளும். உதரவிதானம் கீழே இறங்க இடம் கிடைக்காது. மூச்சு நெஞ்சின் மேற்பாதியிலேயே நின்றுவிடும். மேல் ஸ்தாயிக்கு வேண்டிய காற்று வராது. அப்படிப்பட்ட ஒருவரால் எட்டக்கூடியது பஞ்சமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவில் கிடக்கும் அந்தத் தாழ்ந்த எல்லைதான். ஏழாம் நூற்றாண்டின் கொல்லி இன்றைய நவரோஜாகவே இருந்தது என்று சத்தியம் செய்ய ஆளில்லை. ஆகையால் இதை ஆராய்ச்சி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஓதுவார் ஒருவர் சுத்தாங்கமாக, தாளத்தின் கட்டு இல்லாமல், அந்தப் பதிகத்தை இழுத்துப் பாடக் கேட்கும்போது வலியின் அளவெடுத்துத் தைத்த சட்டை இந்தப் பண் என்று என் உடம்பு நம்பிவிடுகிறது.

குரல் வயிற்றிலிருந்து வரவேண்டும் என்று ஓயாமல் சொல்கிற இன்னொரு உலகம் உண்டு. ஐரோப்பிய ஓபரா. அங்கே பாட்டுக்கு ஓர் ஆசிரியர் இருப்பதுபோலக் குரலுக்கென்றே தனியாக ஓர் ஆசிரியர் இருக்கிறார். மாணவி எந்தப் பாட்டைப் பாடுகிறாள் என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். விலா எலும்பு விரிகிறதா, தாடை இறுகியிருக்கிறதா, நாக்கின் அடி எங்கே கிடக்கிறது, மார்புக் குரல் தலைக் குரலாக மாறும் இடத்தில் விரிசல் விழுகிறதா என்றே வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பார். அறுபது எழுபது வாத்தியங்கள் ஒரே நேரத்தில் முழங்க, மைக் இல்லாமல், கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேரவேண்டும். கத்தினால் போகாது. பயின்ற குரலில் 3000 ஹெர்ட்ஸ் அளவில் ஓர் ஒலிச்செறிவு உண்டாகிறது. அந்த இடத்தில் வாத்தியங்களின் ஒலி மெலிந்திருப்பதால் அந்த இடுக்கின் வழியாகக் குரல் தப்பித்து வெளியே வருகிறது. இதைச் செய்யவைப்பதுதான் ஆசிரியரின் தொழில். நம் பக்கத்தில் இப்படி ஓர் ஆளைத் தனியாக வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்ததில்லை. விடியற்காலை அகார சாதகம் உண்டு, கழுத்தளவு தண்ணீரில் நின்று பாடிய கதைகள் உண்டு. ஆனால் குரல் கெட்டால் அது விதி, பனி, தயிர், கண்ணேறு. இது நம் இசைக்கு நேர்ந்த ஒரு குறை என்றே நினைக்கிறேன். எத்தனையோ நல்ல தொண்டைகள் நாற்பது வயதுக்குள் கரகரத்துப் போனதை நாம் பார்த்திருக்கிறோம்.

அந்த ஆசிரியர்களில் ஒருவரை எனக்குச் சில காலமாகப் பழக்கம், படித்த பழக்கம்தான். வேரா ரோஜா. ஹங்கேரிய மொழியிலும் அந்தப் பெயருக்கு ரோஜாப் பூ என்றே பொருள். 1917-ல் பிறந்து, புடாபெஸ்ட்டில் லிஸ்ட் இசைக் கழகத்தில் படித்தவர். மெஸ்ஸோ சோப்ரானோ குரல். கணவர் லாஸ்லோ வைனர் இசையமைப்பாளர். ஸோல்டான் கொடாயின் மாணவர். யூதர் என்பதால் வைனரைக் கட்டாய உழைப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். கொடாய் தன் பெயரையும் செல்வாக்கையும் வைத்து விடுவிக்க முயன்றார், பலிக்கவில்லை. 1944-ல் வைனர் கொல்லப்பட்டார். வேரா பிழைத்தார். போருக்குப் பிறகு மேடைகளில் பாடினார். 1950-களில் இங்கிலாந்துக்குப் போனார். அங்கேதான் அவர் ஆசிரியரானார். மான்செஸ்டரிலும் லண்டனிலுமாக 2010-ல் இறக்கும் காலம் வரை உலகத்துக் குரல்கள் அவரைத் தேடி வந்துகொண்டிருந்தன. நியூசிலாந்திலிருந்து வந்த கிரி தே கனாவா, ஸ்வீடன்காரரான ஆன் சோஃபி ஃபொன் ஒட்டர், பின்லாந்தின் கரீட்டா மட்டிலா. இவர்களில் ஒருவருக்கும் ஹங்கேரிய மொழி தாய்மொழி அல்ல. சொல்லிக்கொடுத்த நாடும் அவருடையது அல்ல. பாடப்பட்டவை பெரும்பாலும் இத்தாலியனும் ஜெர்மனும் பிரெஞ்சும். அப்படியானால் புடாபெஸ்ட்டிலிருந்து அவர் எதைத்தான் கொண்டுவந்தார்? இழந்த ஒரு வீட்டிலிருந்து ஒருத்தி மூச்சை மட்டும் எடுத்துக்கொண்டு வர முடியுமா? வேறொரு பெண்ணின் விலாவின் மேல் கையை வைத்து “இங்கே” என்று சொல்லும்போது அந்தக் கை எந்த ஊரின் கை? கிரி தே கனாவாவின் இசைத்தட்டைப் போட்டுவிட்டு இதையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நீண்ட சொற்றொடரின் முடிவில் குரல் மெலிந்து மெலிந்து, மறையாமல் நிற்கிறது. அதைத் தாங்கி நிற்கும் மூச்சுக்குள் இன்னொருவர் இருக்கிறார். தட்டின் உறையில் அவர் பெயர் இல்லை.

கொடாயைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் அவர் போனது நேர் எதிர்த்திசையில். 1905-ல் அவரும் அதையடுத்து பேலா பார்ட்டோக்கும் எடிசனின் மெழுகு உருளைக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஹங்கேரியின் கிராமங்களுக்குப் போக ஆரம்பித்தார்கள். பெரிய இசைக் கழகத்தில் ஜெர்மன் இசையைப் படித்த இளைஞர்கள் குடியானவக் கிழவிகளின் முன்னால் உட்கார்ந்து பாட்டுக் கேட்டார்கள். அப்படிக் கேட்டதன் பலனாகக் கொடாய்க்கு ஒரு பிடிவாதம் வந்தது: பிள்ளைக்குத் தாய்மொழி இருப்பதுபோலத் தாய்இசை ஒன்று உண்டு, முதலில் அதில்தான் பாடவேண்டும், வாத்தியம் அப்புறம், அயல் இசை அதற்கும் அப்புறம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒவ்வொன்றும் கையசைவால் ஸ்வரம் காட்டிப் பாடும் முறையை அவரும் அவருடைய மாணவர்களும் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அந்த மண்ணில், அந்தக் கழகத்தில் வளர்ந்த வேரா ரோஜா தாய்இசையை விட்டுவிட்டு அயலாரின் தொண்டைக்குள் போய் வேலை செய்தார். இருவரில் யார் சரி என்று கேட்க வரவில்லை. கிழவியிடம் கேட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதும், ஊரை இழந்தபின் யாராக இருந்தாலும் அவருக்குக் கொடுப்பதும் எனக்கு ஒரே பாட்டின் ஏறுமுகம் இறங்குமுகமாகத்தான் தெரிகின்றன.

பெரியவரின் “அவிங்களுக்கு?” என்ற கேள்விக்குப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தால் நம்மிடமும் ஓர் இடம் வருகிறது. திருமுறைகண்ட புராணம் சொல்லும் கதை. தில்லையில் பூட்டிய அறைக்குள் ஏடுகள் கிடைக்கின்றன. பாதிக்கு மேல் கறையான் தின்றுவிட்டது. கிடைத்தவற்றை நம்பியாண்டார் நம்பி தொகுக்கிறார். சொல் வந்துவிட்டது, பாடத் தெரியவில்லை. பண் மறந்துபோய்விட்டது. சம்பந்தரோடு யாழ் வாசித்துக்கொண்டு நடந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த திருஎருக்கத்தம்புலியூரில் அவர் மரபில் வந்த ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்குத் தெரியும் என்று தெரியவருகிறது. அவளைக் கொண்டு பண் அடைவு வகுக்கிறார்கள். கதையில் அரசன் இருக்கிறான், நம்பி இருக்கிறார், பிள்ளையார்கூட இருக்கிறார். அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் இல்லை. பாணர் மரபினள் என்பதோடு சரி. நான் அடிக்கடி அவள் உட்கார்ந்திருக்கும் காட்சியை நினைத்துப் பார்க்கிறேன். கோயிலின் கல் குளிர்ச்சி. எதிரில் படித்த ஆண்கள். ஒரு பதிகத்தைச் சொல்லி, இதற்கு என்ன பண் என்று கேட்கிறார்கள். அவள் முனகிப் பார்க்கிறாள். கொல்லிக்கு அவள் என்ன பாடினாள்? அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது அம்மாவா அத்தையா? அடுப்படியிலா, வயலிலா? சந்தேகமும் வருகிறது. தலைமுறைகள் கடந்து வந்த அவள் நினைவில் எத்தனை பண்கள் ஏற்கெனவே ஒன்றோடொன்று கலந்திருக்கும்? எவ்வளவை அவளே, தெரியாத இடத்தில் தன் குரலால் இட்டு நிரப்பியிருப்பாள்? நிரப்பியிருந்தால்தான் என்ன? நிரப்பாமல் விட்டிருந்தால் நமக்கு ஏடு மட்டுமே மிஞ்சியிருக்கும். கோயிலுக்குள் ஓதப்படும் தமிழின் இசை முழுக்க, வெளியே நிறுத்தப்பட்ட ஒரு குலத்துப் பெண்ணின் தொண்டையின் வழியாக வந்து சேர்ந்தது என்று நம் சமய இலக்கியமே சொல்கிறது. சொல்லிவிட்டு, பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் போய்விட்டது. இது என்னைச் சுடுகிறது.

வேரா ரோஜா பிறந்த அதே 1917-ல் வளவனூரில் பிறந்தவர் எஸ். ராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். பாடகர், வீணை தெரிந்தவர், தேவாரம் தெரிந்தவர். சிலப்பதிகாரத்தின் இசைப் பகுதிகளைப் பற்றி 1956-லேயே தமிழில் நூல் எழுதினார். ஆனால் அதே பொருளில் அவர் முனைவர் பட்டம் பெற்றது 1974-ல், அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்து மிடில்டவுன் என்ற சிற்றூரில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில். பனி கொட்டும் ஊரில் உட்கார்ந்து, அரங்கேற்று காதையின் யாழ் நரம்புகளை அவர் எண்ணிக்கொண்டிருந்ததை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. பெருமையாகவும் இருக்கிறது, எதையோ பறிகொடுத்த மாதிரியும் இருக்கிறது. அதே வெஸ்லியனில் டி. விஸ்வநாதனும் டி. ரங்கநாதனும் சொல்லிக்கொடுத்தார்கள், பாலசரஸ்வதியும் அங்கே கற்பித்தார். அங்கே படித்த ஜான் ஹிக்கின்ஸ் 1965-ல் திருவையாற்று ஆராதனையில் பாடி ஹிக்கின்ஸ் பாகவதர் ஆனார். 1984-ல் சாலையில் நடந்து போய்க்கொண்டிருந்தவர்மேல் வண்டி மோதி இறந்தார். அவர் தமிழில் பாடும்போது சில எழுத்துகள் வழுக்கும். ஆனால் ஸ்வரத்தின்மேல் அவர் வைக்கும் எடையில், சொல்லிக்கொடுத்த அந்த மூவரின் பாட்டியான வீணை தனம்மாளின் வீட்டுக் கை தெரியும். எங்கள் வீட்டில் அவருடைய ஒலிநாடாவைப் போட்டால் என் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். “சொல்லிக்குடுத்தவா நன்னா சொல்லிக்குடுத்திருக்கா” என்பார். பாடியவரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. அந்த வயதில் எனக்கு அது விசித்திரமாக இருந்தது.

மறுபடி மலைக்கு வருகிறேன். கொல்லி மலையின் தலைவன் வல்வில் ஓரியை வன்பரணர் பாடியிருக்கிறார். புறநானூற்றின் 152-ம் பாட்டில் ஒரு பாணர் கூட்டம் காட்டில் வேட்டைக்காரன் ஒருவனைச் சந்திக்கிறது. ஒரே அம்பில் பல விலங்குகளை வீழ்த்தியவன். அவன் யாரென்று தெரியாமலேயே முழவும் யாழும் எடுத்துப் பாடுகிறார்கள். அவன் ஊனும் பொன்னும் கொடுக்கிறான். அடுத்த பாட்டில் நடப்பதுதான் எனக்கு முக்கியம். ஓரியின் கொடையால் பசி என்பதே இல்லாமல் போய், அந்தக் கூட்டம் ஆடவும் மாட்டாமல் பாடுவதையும் மறந்துவிட்டதாகப் புலவர் சொல்கிறார். கொடையைப் புகழ்வதற்காகச் சொன்னதுதான், தெரிகிறது. ஆனாலும் பாட்டு மறந்துபோனதைப் பற்றிய பழந்தமிழ்ச் செய்தி ஒன்று இந்த மலைக்காரனைப் பற்றிய பாட்டிலேயே கிடக்கிறதே என்று மனம் துணுக்குறுகிறது. இன்னொன்றும் உண்டு. மலைமேல் வளப்பூர் நாட்டில், ஐயாறு ஆகாய கங்கையாகக் குதிக்கும் இடத்துக்கு அருகில் அறப்பளீசுவரர் கோயில் இருக்கிறது. பழைய பெயர் கொல்லி அறப்பள்ளி. பள்ளி என்ற சொல் சமணர் இருக்கைக்கும் வழங்கியது; அப்பர் விட்டு வந்ததும் ஒரு பள்ளியைத்தான். தேவாரத்தில் இந்த இடத்தின் பெயர் வருகிறது, ஆனால் இதற்கென்று தனிப் பதிகம் இல்லை. பாடல் பெற்ற தலம் அல்ல, வைப்புத்தலம். கொல்லிப் பண்ணில் சீகாழியும் திருவதிகையும் பாடப்பட்டன. கொல்லிக்குக் கொல்லியில் ஒரு பதிகம் இல்லை.

அதனால், இந்தப் பண்ணை மலைக்குத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஓதுவாரை அனுப்பவேண்டும் என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். சில நாட்கள் அந்த எண்ணம் இனித்தது. பிறகு கசந்தது. செம்மேட்டில் தங்கிய மறுநாள் காலை ஒரு வீட்டு வாசலில் வயதான அம்மா ஒருவர் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தின் தட்டலுக்கு இசைவாக வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தார். நாலைந்து ஸ்வரத்துக்குள் சுற்றிச் சுற்றி வரும் மெட்டு. எங்கேயாவது நவரோஜின் சாயல் விழாதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இல்லை. துளிகூட இல்லை. ஏமாற்றமாக இருந்தது. அந்த ஏமாற்றத்தை நினைத்துத்தான் இப்போது வெட்கப்படுகிறேன். அவர் பாடியதை அவருடைய பாட்டாகக் கேட்க எனக்குத் தெரியவில்லை. என் பண்ணைத் தேடிக்கொண்டு போன காது, அங்கே பாடிக்கொண்டிருந்த பாட்டைக் கேட்கவில்லை. இந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள், தங்கள் முன்னோர் மூன்று அண்ணன் தம்பிகள் காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி மலைகளுக்கு வந்ததாகக் கதை சொல்கிறார்கள். அவர்களும் ஒரு காலத்தில் ஊரை விட்டு வந்தவர்கள். வரும்போது என்ன பாட்டைக் கொண்டுவந்தார்களோ, மலை அதை என்ன செய்ததோ. சாமை, தினை, கேழ்வரகு விதைகளை இங்கே சமுதாய விதை வங்கி வைத்துக் காக்கிறார்கள், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே பல காலமாக வேலை செய்திருக்கிறது. வங்கியில் வாங்கிய விதையை விதைத்து, விளைந்ததில் திருப்பிக் கொடுக்கவேண்டும். பூட்டி வைத்தால் முளைக்காது. தில்லையின் பூட்டிய அறையில் கறையான் தின்ற ஏட்டை அப்போது நினைத்துக்கொண்டேன். அந்த அம்மாவிடம், “இந்தப் பாட்ட உங்களுக்கு யாருங்கம்மா சொல்லிக்குடுத்தாங்க?” என்று மட்டும் கேட்டேன். முறத்தை நிறுத்தாமல், “எங்க பாட்டி பாடும்” என்றார். பெயர் கேட்டேன். சொன்னார். குறித்துக்கொண்டேன்.

ஓதுவாரை அனுப்பவேண்டாம் என்று சொல்லவில்லை. அனுப்பினால், அவர் முதல் வருடம் முழுக்க வாசல்களில் உட்கார்ந்து கேட்பவராக இருக்கட்டும். மெழுகு உருளையைத் தூக்கிக்கொண்டு போன அந்த இரண்டு இளைஞர்களைப்போல. அப்புறம் ஓர் இரவில், கேட்டவர்களுக்குப் பதில் மரியாதையாக, இது உங்கள் மலையின் பெயரில் கீழே நாங்கள் பாடிக்கொண்டிருப்பது என்று சொல்லி, தொட்டிலுக்குள் கேட்கும் அளவுக்குப் பாடிக் காட்டட்டும். பிடித்திருந்தால் வைத்துக்கொள்வார்கள்.

மலையிலிருந்து வந்த பிறகு ராசிபுரத்துக்குப் போனேன். டீச்சர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. வீடு இருந்த இடத்தில் செல்போன் கடை. தெருவில் பழைய ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். இருவருக்கும் அவரை நன்றாக நினைவிருந்தது; அவர் போட்டுக்கொள்ளும் வெள்ளைக்கல் தோடு, மாலையில் தெரு முழுக்கக் கேட்கும் சரளி வரிசை, எல்லாம் சொன்னார்கள். பெயர் தெரியவில்லை. பாட்டு டீச்சர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். நானும் ஏழு வருடம் அவரிடம் படித்தேன், நானும் கேட்டதில்லை. இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கு முதல் பாட்டைச் சொல்லிக்கொடுத்தவர் யாராக இருந்தாலும், பாட்டு டீச்சரோ பாட்டியோ வயலில் கூட நாற்று நட்ட அக்காவோ, அவருடைய பெயரை எங்காவது எழுதி வையுங்கள். தெரியாவிட்டால் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே இன்று போய்க் கேளுங்கள்.